ஆணழகன் போட்டியும் ஆசானின் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் தசையைப் பற்றிப் பேச ஓர் உடற்பயிற்சி ஆசிரியனை அழைத்திருக்கிறீர்கள். நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் ஆணழகன் போட்டிக்கு ஆயத்தமாகி வருவதே அதற்குக் காரணம் என அறிவேன்.

நாம் வாழும் இக்கொல்கத்தா நகருக்கு இக்கலை புதிதன்று. வங்கத்து வீரர் மனதோஷ் ராய் 1951-லும், மனோகர் ஆய்ச் 1952-லும் லண்டன் மாநகரில் நடந்த உலக ஆணழகன் போட்டியில் தத்தம் பிரிவில் பட்டம் வென்றனர். ஆய்ச் ஐந்தடி உயரமும் இல்லாதவர். ஆங்கிலேயர் ஆட்சியில் சிறை புகுந்தும் பயிற்சியைக் கைவிடாதவர். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016-ல் மறைந்தார். தமிழகத்தைச் சேர்ந்த பாஸ்கரன் இத்துறைக்காக 2019-ல் அர்ஜுனா விருது பெற்றார். ஆகவே, இது வீணர் வேலை என்று எவரும் எண்ண வேண்டா.

எனினும் பெற்றோர் உள்ளத்தில் ஓர் அச்சம் இருக்கிறது. பிள்ளையின் உடல் கெட்டுவிடுமோ என்பதே அது. அவ்வச்சம் நியாயமானது. அதற்கு விடை கூறுவது என் கடமை.

போட்டிக்கான ஆயத்தம் இரு பகுதிகளை உடையது. தசையை வளர்ப்பது முதற்பகுதி. அதற்கு ஆண்டுகள் பல வேண்டும். தசையை மூடிய கொழுப்பைக் கரைப்பது அடுத்த பகுதி. அதற்கு நான்கு மாதங்களேனும் வேண்டும். வாரந்தோறும் உடல் எடையில் நூற்றில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை குறையலாம். எழுபது கிலோ எடையுள்ள இளைஞனுக்கு இது 350 முதல் 700 கிராம் ஆகும். அவசரப்பட்டு இதனினும் விரைவாகக் குறைத்தால், அரும்பாடுபட்டு ஈட்டிய தசையும் கொழுப்போடு சேர்ந்து கரைந்துவிடும்.

உணவு பற்றித் தாய்மார்கள் கவலையுற வேண்டுவதில்லை. கிலோ ஒன்றுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. எழுபது கிலோ இளைஞனுக்குக் குறைந்தது 112 கிராம். முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. சமைக்காத பருப்பு நூறு கிராமில் இருபதுக்கு மேல் உண்டு. சைவ வீட்டுப் பிள்ளைக்குப் பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், பன்னீர், சோயா ஆகியன துணை செய்யும். இட்லியை அடியோடு விலக்க வேண்டா. எண்ணிக்கையைக் குறைத்துச் சாம்பாரில் பருப்பைக் கூட்டுங்கள்.

இவ்வளவும் நலமே. கேடு பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நுழைகிறது. தசை இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற பேராசையால் சிலர் தண்ணீரை நிறுத்துகின்றனர். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளை விழுங்குகின்றனர். உடலில் உப்பின் நிலை குலைந்தால் இதயமே நின்றுவிடக்கூடும். புகழ்பெற்ற வீரர் முகம்மது பெனாசிசா 1992-ல் ஹாலந்துப் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் உயிர் துறந்தார். உடலில் நீர் வற்றியதே காரணம் என்பர். தசை வளர்க்கப் போடும் ஹார்மோன் ஊசிகளோ இதயத்தையும் ஈரலையும் தாக்கும். ஆண்களின் மகப்பேற்றுத் திறனைக் குன்றச் செய்யும். பெண்களின் குரலை மீளா வண்ணம் மாற்றிவிடும்.

இன்று நம் பெண்மக்களும் உடலமைப்புப் போட்டிகளில் மேடையேறுகின்றனர். அவர்களின் அன்னையர்க்கு ஒரு சொல்: உணவு மிகக் குறைந்தால் மாதவிலக்கு நின்றுவிடும், அது நீடித்தால் எலும்பு வலுவிழக்கும். இதனைக் கூச்சமின்றிக் கேட்டறியும் பெண்துணை ஒருவர் பயிற்சிக் கூடத்தில் இருத்தல் வேண்டும். மாதவிலக்கு நின்றால் எடை குறைப்பை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

போட்டிக்கு மறுநாளையும் ஆசான் நினைக்க வேண்டும். மேடையில் கண்ட மெலிந்த உடல் ஒரு நாள் கோலமே. அதை ஆண்டு முழுதும் காக்க முயல்வது தவறு. அடக்கி வைத்த பசி அன்று பொங்கி எழும். படிப்படியாக உணவைக் கூட்டும் திட்டத்தை ஆசான் முன்பே எழுதித் தர வேண்டும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையை ஓர் ஆசானிடம் ஒப்படைக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஊசி, மாத்திரை பற்றி உங்கள் கொள்கை என்ன? போட்டிக்குப் பின் என்ன உணவு தருவீர்கள்? உடல்நலம் கருதி எவரையேனும் மேடையேற வேண்டாம் என்று தடுத்ததுண்டா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்பவரே நம்பத்தக்கவர்.

இளைஞர்களே, கோப்பை அலமாரியில் இருக்கும். உடலோ உங்களுடன் அறுபது ஆண்டுகள் வர வேண்டியது. அந்த உடலைக் காத்து வெற்றி பெறுக என வாழ்த்தி அமர்கிறேன்.