தப்புக் கணக்கும் தளபதியும்



'போர்க்களத்தில் தலைமை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நெப்போலியன் வருவான், அலெக்சாண்டர் வருவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் போகப் போவது 1944ஆம் ஆண்டு இம்பாலுக்கு. பேசப் போவது பிரிட்டிஷ் பதினான்காவது படைக்குத் தளபதியாக இருந்த வில்லியம் ஸ்லிம்மைப் பற்றி.

"நேதாஜியின் படை எதிரணியில் நின்ற போராயிற்றே, வெள்ளைக்காரத் தளபதியின் புகழை இங்கே வந்து பாடுவதா?" என்று முன்வரிசையில் ஒருவர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. நியாயமான கேள்விதான் ஐயா. மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஸ்லிம்மின் பக்கத்தில் மதராஸ் சாப்பர்ஸ் பாலம் கட்டினார்கள், சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் நம்மவர்கள். அப்படியானால் அங்கே யார் என்ன முடிவெடுத்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

1942இல் பர்மா கைவிட்டுப் போனபோது ஸ்லிம்மிடம் ஒப்படைக்கப்பட்டது தோற்று ஓடிக்கொண்டிருந்த ஒரு படை. ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கி, மே மாதத்து மழையில் நனைந்தபடி எல்லைக்குள் வந்து சேர்ந்தார்கள். ரங்கூன் தமிழர்கள் மூட்டை முடிச்சோடு கால்நடையாக வந்ததும் அதே ஆண்டுதான். வந்து சேராதவர்கள் எத்தனையோ பேர்.

தோற்ற படையை அவர் எப்படி நிமிர்த்தினார்? ஒரு உதாரணம் போதும். 1943இல் காயம்பட்டு வெளியேறியவர் ஒருவர் என்றால், நோயில் விழுந்து வெளியேறியவர்கள் 120 பேர். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தது; சிப்பாய்கள்தான் விழுங்கவில்லை. ஸ்லிம் திடீர் ரத்தப் பரிசோதனை வைத்தார். மாத்திரை விழுங்கியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் கீழே வந்தால், சிப்பாய் தப்பித்தான். பட்டாலியன் தலைவர் பதவியை இழந்தார். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். மற்றவர்கள் தாங்களே முன்னால் நின்று மாத்திரை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது 1944 மார்ச். ஜப்பானியத் தளபதி முதாகுச்சி மூன்று டிவிஷன்களோடு சிண்ட்வின் ஆற்றைக் கடக்கிறார். ஸ்லிம்மின் திட்டம் எளிமையானது: எல்லையில் நிற்கும் நம் படைகளை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொள், எதிரி மலைக்காட்டைத் தாண்டிக் களைத்து வரட்டும், அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். திட்டம் நல்ல திட்டம். ஆனால் டிடிமில் நின்ற பதினேழாவது டிவிஷனை எந்த நாளில் பின்வாங்கச் சொல்வது என்பதைத் தான் தீர்மானிக்காமல், களத்தில் இருந்த தன் தளபதி ஸ்கூன்ஸிடம் விட்டுவிட்டார். உத்தரவு தாமதமாகப் போனது. ஜப்பானியர் வழியை மறித்துவிட்டார்கள். அந்த டிவிஷனை மீட்கக் கையிருப்பில் வைத்திருந்த படையை அனுப்ப வேண்டியதாயிற்று, இம்பால் மெலிந்துபோனது. கோஹிமாவிலும் கணக்குத் தப்பியது. ஒரு ரெஜிமென்ட் வரும் என்று நினைத்த இடத்துக்கு ஜப்பானியத் தளபதி சாதோவின் முழு டிவிஷனே வந்தது. அங்கே காவலுக்கு இருந்த வீரர்கள் 1,500 பேர் அளவில்தான். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். நடுவே கையெறிகுண்டு பறக்கிறது. அப்படிப்பட்ட சண்டை.

தப்புத் தெரிந்த அந்த நாட்களில் ஸ்லிம் என்ன செய்தார்? யார் மேல் பழி போடலாம் என்று தேடவில்லை. தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனிடம் போய், இன்ன நிலைமை, எனக்கு விமானம் வேண்டும் என்றார். மவுண்ட்பேட்டனும், மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல், சீனாவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த அமெரிக்க விமானங்களைத் திருப்பிவிட்டார். அரக்கானில் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஐந்தாவது டிவிஷன் பீரங்கியோடும் கோவேறு கழுதைகளோடும் ஆகாய வழியே வந்து இறங்கியது. பிறகு 1956இல் வெளிவந்த தன் போர் நினைவு நூலில், நாள் குறிக்காமல் விட்டது என் பிழை, கோஹிமாவைத் தப்பாகக் கணித்ததும் என் பிழை என்று அவரே எழுதிவைத்தார். கிண்டலும் உண்டு. சாதோவின் முகாமில் குண்டு போட விமானப்படை கிளம்பியபோது, வேண்டாம், அவர் நமக்கு மிகவும் உதவியாக இருக்கிற தளபதி என்று தடுத்தாராம்!

எதிர்ப்பக்கம் வாருங்கள். மூன்று வாரச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, அதற்குள் இம்பால் கிடங்கு நம் கைக்கு வந்துவிடும் என்றது முதாகுச்சியின் கணக்கு. வழியில் அறுத்துச் சாப்பிட மாடுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிவந்தார்கள். ஆற்றிலும் மலைச்சரிவிலும் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் கணக்கை நம்பித்தான் மொய்ராங்கில் கொடியேற்றிய இந்திய தேசிய ராணுவ வீரர்களும் பட்டினி கிடந்தார்கள்.

ஜூன் தொடக்கம். மழை பிடித்துவிட்டது. மேலதிகாரி கவாபே, உடம்பு சரியில்லாத நிலையிலும், முதாகுச்சியின் முகாமுக்கு வருகிறார். இருவரும் எதிரெதிரே உட்கார்கிறார்கள். படையெடுப்பு தோற்றுவிட்டது என்று இருவருக்கும் தெரியும். நிறுத்திவிடலாம் என்று சொல்ல முதாகுச்சிக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தாராம். கவாபேயும் கேட்கவில்லை. பேச்சு முடிந்து எழுந்து போய்விட்டார்கள். இதைப் பின்னாளில் அவர்களே சொன்னார்கள். நிறுத்தும் உத்தரவு வந்தது ஜூலையில். நடுவே ஒரு மாதம். எத்தனை தாய்மார்களுக்கு அந்த ஒரு மாதத்தில் பிள்ளை இல்லாமல் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படையெடுப்பில் சுமார் 30,000 ஜப்பானியர் இறந்தார்கள். பசியும் நோயும் தின்றதுதான் அதிகம்.

வாயைத் திறந்தவர்களில் ஒருவர், ஸ்லிம் கேலி செய்த அதே சாதோ. அரிசியும் இல்லை, தோட்டாவும் இல்லை என்று தந்தி மேல் தந்தி அடித்துப் பார்த்தார். மே கடைசியில், உத்தரவை மீறித் தன் வீரர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு நடந்தார். முதாகுச்சி அவரைப் பதவிநீக்கம் செய்தார். மற்ற இரண்டு டிவிஷன் தலைவர்களுக்கும் அதே கதிதான். என்னை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், அங்கே எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று சாதோ கேட்டார். மேலிடம் மருத்துவர்களை அனுப்பியது. அவருக்கு மனநிலை சரியில்லை என்று சான்றிதழ் எழுதினார்கள். விசாரணை நடக்கவே இல்லை.