போர் முரசு யார் கையில்?

(பொதுக்கூட்ட உரையின் சுருக்கம்)



"அமெரிக்க அதிபர் நினைத்தால் போர்" என்று டீக்கடையில்கூடப் பேசுகிறோம். ஆனால் அந்நாட்டு அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸ் எனும் நாடாளுமன்றத்துக்கே உரியது. அதிபர் முப்படைகளின் தலைமைத் தளபதி. கூட்டு வியாபாரத்தில் சரக்கு எடுப்பதா, வேண்டாமா என்று கூட்டாளிகள் முடிவெடுப்பார்கள்; மேனேஜர் கடையை நடத்துவார். அதுபோலத்தான்!

நடந்தது என்ன? காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942-இல். 1950-இல் ட்ரூமன் காங்கிரஸின் ஒப்புதல் கேட்காமலே கொரியப் போரில் இறங்கினார். 1964-இல் டோன்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் இரண்டாம் முறையும் தாக்கப்பட்டதாக ஜான்சன் கூறினார். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. அதற்குள் காங்கிரஸ், தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது! கீழவையில் எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லை. செனட்டில் இரண்டே இரண்டு. வியட்நாமில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், பல லட்சம் வியட்நாமியரும் மாண்டார்கள்.

பட்ட பிறகு புத்தி வந்தது. 1973-இல் நிக்சனின் வீட்டோவையும் மீறிப் போர் அதிகாரச் சட்டம் நிறைவேறியது. படையைப் போரில் இறக்கினால் 48 மணி நேரத்தில் அறிக்கை தர வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். படை திரும்ப மேலும் 30 நாள்.

பூட்டு நல்ல பூட்டுதான், சாவி நிற்கவில்லை. வீட்டோவுக்கு இடமில்லாமல் படையைத் திரும்ப அழைக்கும் வழி ஒன்று அச்சட்டத்தில் இருந்தது. 1983-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதை அடைத்துவிட்டது. 2011-இல் லிபியாவில் 60 நாள் கடந்தும் குண்டு விழுந்தது. "இது சட்டம் சொல்லும் போர் நடவடிக்கை ஆகாது" என்றது ஒபாமா அரசு! ஏமன் போருக்குத் துணைபோவதை நிறுத்தச் சொல்லி 2019-இல் இரு அவைகளும் தீர்மானம் போட்டன. டிரம்ப் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க மூன்றில் இரு பங்கு ஓட்டு சேரவில்லை.

அதிபர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2002-இல் இராக் மீது பாயும் அதிகாரத்தைப் புஷ்ஷுக்குத் தூக்கிக் கொடுத்தது காங்கிரஸே. கீழவையில் 296-133, செனட்டில் 77-23. போர் 2003-இல் வந்தது. பேரழிவு ஆயுதம் கிடைக்கவில்லை. போன உயிர்கள் போனவைதான்! 2001-இல், 420 பேர் கை தூக்கிய கீழவையில் மறுத்து ஓட்டுப் போட்டவர் ஒருவரே: பார்பரா லீ எனும் பெண்மணி.

இளைஞர்களே! 'ஒழிக' கோஷத்தோடு கலைந்துவிடாதீர்கள். சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. அதைக் காக்க வேண்டியவர் பயந்தால் பூட்டு தானே திறந்துகொள்ளும். கல்லாவைத் தினமும் எண்ணிப் பார்க்கும் நாம், எந்த மன்றத்துக்கு ஆள் அனுப்பினாலும், அவர் எதற்குக் கை தூக்கினார் என்ற கணக்கையும் எழுதி வைப்போம்!