வீட்டுக் கணினிக்கும் வருத்தம் வரும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் பேசுகிறார் என்றவுடன் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ரோல் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை பற்றி வட்ஸ்அப்பில் தினமும் காலையில் உங்களுக்கு வந்துவிடுகிறது. இன்று நாம் பேசப்போவது வீட்டு மேசையில் இருக்கும் கணினிக்கு வரும் வருத்தத்தைப் பற்றி. அதற்கு ஒரு காரணம் உண்டு.

இந்த மலருக்காகப் பழைய படங்களைத் தேடியபோது நாங்கள் எல்லோரும் ஒன்றைக் கண்டோம். வலைப்பந்தாட்ட அணி, பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி என்று எடுத்த எத்தனையோ படங்களில் இன்று மிஞ்சியிருப்பது ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியிடம் மட்டுமே. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தபோது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் அரிசி என்று எடுத்தோமே தவிர, அல்பம் தூக்கிக்கொண்டு போனவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் படங்களைத்தான் இப்போது ஸ்கான் செய்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறோம். சிலவற்றில் கடதாசிப் படம் கறையான் அரித்துப் போய், கணினியில் உள்ள பிரதிதான் மிச்சம். அந்தக் கணினி வைரஸ் பிடித்துப் படுத்தால் அந்தப் படமும் போய்விடும். ஆகவே இது கணினிக்காரரின் கவலை மட்டுமல்ல.

முதலில் ஒரு பழைய கதை. இதில் எங்கள் தொழிலுக்கும் தொடர்பு உண்டு. 1989 டிசம்பரில் லண்டனில் இருந்து ஏறத்தாழ 20,000 பிளொப்பி தட்டுகள் தபால்வழியே பல நாடுகளுக்குப் போயின. எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே எழுதியிருந்தது. பெற்றவர்களில் உலக சுகாதார நிறுவனத்தின் எயிட்ஸ் மாநாட்டுக்குப் போனவர்களும் இருந்தார்கள். அனுப்பியவர் ஜோசப் பொப் என்ற அமெரிக்க உயிரியலாளர், ஹாவாட் பல்கலைக்கழகத்துக் கலாநிதி. தட்டைப் போட்டால் தொற்று ஏற்படும் அபாயத்தைக் கணிக்கும் கேள்விக்கொத்து ஒன்று உண்மையாகவே வந்தது. கூடவே வேறொன்றும் சத்தமில்லாமல் உள்ளே போனது. ஏறத்தாழ 90 தடவை கணினியை இயக்கிய பிறகு கோப்புகளின் பெயர்கள் குழம்பின, கோப்புறைகள் மறைந்தன. பனாமாவில் உள்ள தபால்பெட்டிக்கு 189 டொலர் அனுப்பும்படி கடிதம் வந்தது. கப்பம் கேட்கும் வைரஸ்களுக்கு இதுதான் மூதாதை. அந்த 90 தடவை என்பதை எங்கள் பாஷையில் நோயரும்பு காலம் என்று சொல்லலாம்: தொற்று உள்ளே இருக்கும், ஆள் நடமாடுவார், எங்கே தொற்றியது என்று பிறகு நினைவும் வராது.

அந்தத் தட்டை ஏமாளிகள் போடவில்லை. படித்தவர்கள், நல்ல நோக்கத்தோடு போட்டார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பைன்ஸில் தொடங்கி உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரசும் அப்படித்தான். அது தொற்றிய கணினியில் உள்ள முகவரிப் புத்தகத்தை எடுத்து, அதில் உள்ள எல்லோருக்கும் தன்னையே இணைத்து மின்னஞ்சல் அனுப்பியது. பெறுபவருக்கு அது அந்நியரின் கடிதமாகத் தெரியாது, தெரிந்தவரின் கடிதமாகவே தெரியும். இணைப்பின் பெயர் காதல் கடிதம், அதன் பின்னால் 'ரிஎக்ஸ்ரி', அதற்கும் பின்னால் 'விபிஎஸ்'. கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால், வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். திறந்த கணினிகளில் அது அழித்தவற்றுள் படக்கோப்புகளும் இருந்தன. கடைசி எழுத்துகளைக் காட்டும்படி விண்டோஸில் இன்றும் மாற்றிவைக்கலாம். பேரப்பிள்ளையிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்.

எங்கள் பழைய மாணவிகள் குழுக்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. மூத்த அக்கா ஒருவர் ஏதாவது அனுப்பினால், 'இது நீங்கள் அனுப்பினதோ?' என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்போம். இந்த ஒரு விடயத்தில் மரியாதையைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். எதிர்பாராத கோப்பு வந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்போம். அக்கா கோபிக்க மாட்டார், ஊர்க்கதையும் கிடைக்கும்.

சரி, அன்ரிவைரஸ் எதற்கு? அது தடுப்பூசி மாதிரி. முன்பு கண்ட கிருமியின் அடையாளத்தை நினைவில் வைத்துப் பிடிக்கும். இப்போதைய மென்பொருள்கள், புதியது ஒன்று சந்தேகமாக நடந்தாலும், உதாரணமாக கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டத் தொடங்கினாலும், மறிக்கப் பார்க்கும். விண்டோஸ் 8இல் இருந்து டிபெண்டர் என்ற அன்ரிவைரஸ் கணினியோடு இலவசமாகவே வருகிறது. வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். காசு கொடுத்து வேறொன்று வாங்குவது தவறில்லை. ஆனால் புதிய மடிக்கணினியோடு சில மாதத்துக்கு இனாமாக வந்து, காலம் முடிந்தும் மூலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் ஆபத்து. புதுக் கிருமிகளின் அடையாளம் அதற்கு வராது, காவல் இருக்கிறது என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம். அதை நீக்கிவிட்டு டிபெண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டு அன்ரிவைரஸை ஒன்றாகப் போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்பதும் சரியில்லை. இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுபறிப்படும், கணினி ஆமையாகிவிடும்.

எங்கள் ஊரில் பெரிய தொல்லை கிராக் செய்த மென்பொருள். திருத்தக் கொடுத்த இடத்திலேயே அன்போடு போட்டுத் தந்துவிடுகிறார்கள். அதைப் போடும்போது வரும் முதல் அறிவுறுத்தலைக் கவனித்திருக்கிறீர்களா? 'அன்ரிவைரஸை நிறுத்திவிட்டு இதை இயக்கவும்.' மருந்து தருகிறவர் முதலில் உங்கள் நோயெதிர்ப்புச் சக்தியை நிறுத்தச் சொன்னால் அந்த மருந்தைக் குடிப்பீர்களா? கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் லிப்ரே ஒபிஸ் இலவசமாக, சட்டப்படி கிடைக்கிறது. பலருக்கு அதற்கு மேல் தேவையில்லை.

பென் டிரைவ் இன்னொன்று. போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து எடுத்து வந்தால் கோப்புறைகள் எல்லாம் சின்ன அம்புக்குறியோடு குறுக்குவழிகளாக மாறியிருக்கும். நம் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அம்புக்குறியை அழுத்தினால் கோப்புறையும் திறக்கும், வைரசும் வீட்டுக் கணினிக்குள் இறங்கும். கோப்புறை திறப்பதால் சந்தேகமே வராது. அழுத்த முன்னர் அன்ரிவைரஸால் அந்த டிரைவைச் சோதிப்பது அரை நிமிட வேலை.

வெளிநாட்டில் இருக்கும் தோழிகளுக்கு ஒன்று. அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கும் வீட்டுக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்கவென்று மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். ஒருநாள் திரை முழுவதும் சிவப்பாகி, 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த இலக்கத்தை உடனே அழையுங்கள்' என்று சத்தத்தோடு வரும். அது அன்ரிவைரஸ் அல்ல, வெறும் இணையப் பக்கம். உண்மையான அன்ரிவைரஸ் தொலைபேசி இலக்கம் தந்து அழைக்கச் சொல்லாது. அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் இனிமையாகப் பேசி, கணினியைத் தூரத்தில் இருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்லி, வங்கிக் கணக்கு வரை போய்விடுவார். பெற்றோருக்கு நூறு விதிகள் சொல்ல வேண்டாம். 'அப்படி வந்தால் பவர் பட்டனை அழுத்திப்பிடித்து நிற்பாட்டிவிட்டு, எந்த நேரமானாலும் எங்களுக்கு அழையுங்கோ' என்று சொன்னால் போதும்.

புதுப்பிப்பு வரும்போது 'பிறகு' என்று அழுத்துவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். 2017 மே 12ஆம் திகதி 'வன்னாகிரை' என்ற கப்ப வைரஸ் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வைத்தியசாலை நிர்வாகங்களைப் பாதித்தது. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதையே பாவிப்பவர்கள் 11க்கு மாறுங்கள். முடியாவிட்டால் நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர முடியுமா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் தொற்று வரலாம். தடுப்பூசி போட்டவருக்கும் காய்ச்சல் வருவதுண்டு. கப்பம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்ற உறுதி இல்லை. ஐரோப்பியப் பொலிசாரும் நெதர்லாந்துப் பொலிசாரும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டம், சிலவகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்பு வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை. மிச்சத்துக்கு ஒரே மருந்து வேறிடத்தில் உள்ள பிரதி. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள், எடுத்தவுடன் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கணினியிலேயே செருகி விட்டால் கப்ப வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்தன. அதை அறிந்த ஊர்க்காரர் நாம். மலர்க்குழுவிடம் சேர்ந்திருக்கும் படங்கள் இப்போது ஒரு தோழியின் வீட்டு மடிக்கணினியில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றைப் பாடசாலை நூலகத்திலும் மற்றதைக் கொழும்புக் கிளையிடமும் வைக்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம். ஹார்ட் டிஸ்க் வாங்கும் செலவை எங்கள் அணி பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

தேநீர் இடைவேளையில் மண்டப வாசலில் எங்கள் அணியினர் ஒரு மேசை போட்டு இருப்பார்கள். மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் டிபெண்டர் வேலை செய்கிறதா என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். படங்களைப் பென் டிரைவில் கொண்டுவந்திருப்பவர்கள் தயவுசெய்து முதலில் சோதிக்கத் தாருங்கள், பிறகு செருகுவோம்.