கதவின் இரு பக்கமும்

அரசியற் சிந்தனையிலே தாராண்மையையும் பழைமையையும், அதனோடு நாத்திகத்தையும் பக்தியையும் எப்படிச் சமன் செய்வது என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். இங்கிலாந்தின் எட்மண்ட் பேர்க்கையும் ஜோன் ஸ்ருவாட் மில்லையும் இரு பக்கத்திலும் நிறுத்திவிட்டு, "இருவர் கூற்றிலும் உண்மை உண்டு" என்று முடித்துவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் தீங்கில்லை. அப்படிச் செய்ய இருந்தவன்தான். சென்ற மாதம் வகுப்பிலே நடந்த ஒரு சிறு சம்பவம் என்னை விடவில்லை.

இந்துக் கல்லூரி ஒன்றிலே உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். ஈழத்துச் சிறுகதை பற்றிய பாடத்திலே என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' கதையை எடுத்துக்கொண்டேன். உங்களிற் பலர் அறிந்த கதை. மேடையிலே சீர்திருத்தம் பேசும் பெரியவர் ஒருவர், தம்மைத் தேடி வந்த 'குறைந்த' சாதியாரை வீட்டுக்குள்ளே அழைக்க மனமில்லாமல், நிலவு நன்றாக இருக்கிறது, வெளியே போய்ப் பேசுவோம் என்று அழைத்துப் போகிறார். அவ்வளவுதான் கதை. அடி இல்லை, வசை இல்லை. உபசாரம் கூட உண்டு. அதனாலேதான் அது குத்துகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். நல்ல வாசகன்; காலைப் பிரார்த்தனையிலே வாய் திறக்காமல் நிற்பவன்; கடவுள் இல்லை என்று நண்பர்களிடம் சொல்லித் திரிபவன் என்றும் எனக்குத் தெரியும். "சேர், மாவிட்டபுரத்தில பிரச்சினை நடந்த நேரம் உங்கட வீட்டு ஆக்கள் எந்தப் பக்கம் நிண்டவை?" என்று கேட்டான்.

"மணி அடிக்கப் போகுது, அடுத்த பாடத்திலே பார்ப்பம்" என்றேன். மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

இளைய நேயர்களுக்காக மாவிட்டபுரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950களின் நடுப்பகுதியிலேயே நல்லூர் உட்பட யாழ்ப்பாணத்துப் பெருங்கோயில்கள் சில எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டன. 1957இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆயினும் சட்டம் கொழும்பிலே இருந்தது. தேநீர்க்கடையிலே வேறு பேணியும் கோயில் வாசலிலே வேறு எல்லையும் இங்கே இருந்தன. 1966 ஒக்ரோபர் 21இலே சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். பின்னர் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்திலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அந்த மக்கள் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வந்து நின்றார்கள். எதிரே, விடமாட்டோம் என்று நின்றவர்களின் முன்னணியிலே ஒரு பேராசிரியர் நின்றார்.

அவர்தான் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போட்டிலே கற்றவர். இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1947இலே வவுனியாவிலிருந்து பாராளுமன்றம் சென்று அமைச்சரானவர். மறுவருடமே இந்திய வம்சாவளி மக்களின் பிரசாவுரிமைப் பிரச்சினையிலே அரசோடு முரண்பட்டு அப்பதவியை விட்டவர். அதிகாரத்துக்கு அடங்காதவர் என்பதாலேயே 'அடங்காத் தமிழர்' என்று பெயர் பெற்றவர். இப்படிப்பட்டவர் மாவிட்டபுரத்துக் கதவடியிலே மற்றவர்களை அடக்கப் போய் நின்றார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு 1971இலே இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது.

அவரை வெறும் மூர்க்கர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். அவர் தரப்பை அதன் வலிமையோடு எடுத்துப் பார்க்கவேண்டும். கோயில் வழக்கம் அந்தக் கோயிலாருக்கு உரியது. அரசாங்கம் தன் சட்டத்தைக் கொண்டு வழிபாட்டுக்குள்ளே கை வைக்கத் தொடங்கினால், நாளை அதே கை எதற்குள்ளே வரும்? சிறுபான்மை இனத்தவராகிய எங்களுக்கு இது சும்மா கேள்வி அல்ல. 1956இலே மொழிச் சட்டம் வந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அரசுக்கு எல்லை வேண்டும் என்பது தாராண்மைவாதத்தின் முதற் பாடம். அந்தப் பாடத்தைப் பழைமைவாதி ஒருவர் கதவைப் பூட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டார். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அரசு உள்ளே வரக்கூடாது என்று அவர் சொன்ன அந்தக் கோயிலாரின் கணக்கிலே, வாசலிலே கைகூப்பி நின்ற முருக பக்தர்கள் சேர்க்கப்படவில்லை. கணிதப் பேராசிரியர் ஒருவருக்குக் கூட்டல் பிழைத்த இடம் அது.

மறுபக்கத்திலே இன்னொரு முரண். அந்த மக்களோடு நின்ற இயக்கத்துக்குத் தலைமை தந்தவர்கள் பெரும்பாலும் பொதுவுடைமையாளர், நா. சண்முகதாசனின் சீனச் சார்புக் கட்சியினர். கடவுள் இல்லை என்பது அவர்களுடைய நிலைப்பாடு. கடவுள் இல்லை என்பவனுக்குக் கோயிலுக்குள்ளே என்ன வேலை என்று அந்நாளிலே கேலி செய்தார்கள். என் பாட்டனாரும் அதைத்தான் கேட்டாராம். எனக்கோ அந்தக் கேலிதான் விடையாகவும் படுகிறது. தான் கும்பிடப் போவதில்லை; ஆனாலும் கும்பிட விரும்புகிறவன் தடுக்கப்படுவதைப் பொறுக்க முடியவில்லை; அதற்காகப் பொலிசின் அடியையும் வழக்கையும் தாங்குகிறான். தாராண்மை என்று நூல்களிலே எழுதி வைத்திருப்பது இதைத்தானே? தாராண்மைவாதத்தை முதலாளிகளின் தத்துவம் என்று இகழ்ந்தவர்களே எங்கள் ஊரிலே அதை நடத்திக் காட்டினார்கள். நாவலாசிரியர் கே. டானியலின் 'பஞ்சமர்' இந்தப் போராட்ட காலத்தின் சூட்டிலே பிறந்ததுதான். ரகுநாதனும் கோயில் நுழைவைப் பொருளாக வைத்துக் 'கந்தன் கருணை' நாடகத்தை எழுதினார். பெயரைக் கவனியுங்கள். நாத்திகர் அரங்குக்கும் கந்தன் வேண்டியிருந்தான்.

இங்கே கடல் தாண்டி ஒரு பார்வை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளே 1939 யூலை 8ஆந் திகதி தடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றவர் அ. வைத்தியநாத ஐயர். ஆசாரமான பிராமணர், காந்தியவாதி. அந்தச் செயலுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த முதலமைச்சர் இராஜாஜி. அவரை யாரும் புரட்சிக்காரர் என்று சொன்னதில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1936இலே, திருவிதாங்கூர்க் கோயில்களைத் திறந்துவிட்டது ஒரு மகாராசாவின் பிரகடனம். அங்கே பக்தரும் பழைமையாளரும் செய்ததை யாழ்ப்பாணத்திலே நாத்திகர் செய்யவேண்டி வந்தது ஏன்? சைவன் என்ற முறையிலே இந்தக் கேள்வி எனக்கு வெட்கம் தருகிறது. எங்கள் அரசியற் கட்சிகளும் மேடையிலே தீண்டாமையைக் கண்டித்தன. மாவிட்டபுரத்து வாசலுக்கு வந்ததும் தயங்கின என்பதே என் கணிப்பு. வாக்குகள் பெரும்பாலும் கதவின் உட்பக்கத்திலே இருந்தன.

எங்கள் பழைமைக்குத் தலைமகனாக நாம் கொண்டாடும் ஆறுமுக நாவலரைப் பாருங்கள். அவர் எதையும் மாற்றாதவர் என்று நினைப்பது தவறு. வண்ணார்பண்ணையிலே 1848இலே பாடசாலை தொடங்கினார். அச்சியந்திரம் கொண்டுவந்தார். பாட்டாக இருந்த பெரிய புராணத்தை வசனமாக்கினார். கோயில் மண்டபத்திலே நின்று பிரசங்கம் செய்தார். பள்ளி, அச்சு, வசனம், பிரசங்கம் என்ற நான்கையும் பாதிரிமார் கையாண்ட விதத்திலிருந்து கற்று, சைவத்தைக் காக்கவே பயன்படுத்தினார். பழைமையைக் காப்பதற்கு எவ்வளவு புதுமை வேண்டும் என்பதை அவரைப்போல அறிந்தவர் இல்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிவு செய்தபோது, சாதியை வைத்துக்கொண்டார். தமிழ் ஆசிரியனாக அவர் காலில் விழுகிறேன். அந்தத் தெரிவை ஏற்கமாட்டேன். சேர் பொன். இராமநாதனும் அப்படியே. 1913இலே பெண்களுக்கென்று கல்லூரி நிறுவியவர், டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திலே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். கல்வி கொடுக்கலாம், வாக்குக் கொடுக்கலாகாது என்ற கணக்கு.

இவ்விடத்திலே மு. தளையசிங்கத்தை நினையாமல் இருக்க முடியாது. புங்குடுதீவிலே பிறந்த ஆசிரியர், கதாசிரியர், சிந்தனையாளர். முற்போக்கு இலக்கியக்காரரோடு முரண்பட்டார். பொருள் மட்டும் மனிதனுக்குப் போதாது, ஆத்மீகம் வேண்டும் என்றார். 'போர்ப்பறை', 'மெய்யுள்' இரண்டிலும் அந்தத் தேடலைக் காணலாம். அவரைப் பிற்போக்குக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு அவர் எழுத்தாலே சொன்ன மறுமொழியைவிட, செயலாலே சொன்னது பெரிது. 1971இலே புங்குடுதீவிலே ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றிலே நன்னீர் அள்ளுவதற்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்; கைதானார்; பொலிசாரால் தாக்கப்பட்டார். தீவுப்பகுதியிலே நன்னீர்க் கிணறு என்றால் என்ன என்பதை அங்கே குடத்தோடு காத்து நின்றவர்களைக் கேட்டுத்தான் அறியவேண்டும். 1973இலே, நாற்பதை எட்டாமலே, காலமானார். பக்திக்கும் சமத்துவத்துக்கும் நடுவிலே அவர் சமரசம் தேடவில்லை. ஆளுக்குப் பாதிக் குடம் என்று அவர் சொல்லவில்லை.

இனி அந்த மாணவனின் கேள்வி. என் தாயின் தகப்பனார், நாங்கள் அப்பு என்று அழைத்தவர், 1968இலே மாவிட்டபுரத்திலே கதவின் உட்பக்கம் நின்றவர்களில் ஒருவர். கெட்டவர் அல்லர். தேவாரம் ஓதாமல் சாப்பிட மாட்டார். எனக்குப் பெரிய புராணத்தை மடியில் வைத்துச் சொல்லித் தந்தவர் அவரே. திருநாளைப்போவார் கதை சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். அதே கண்ணோடு, எங்கள் படலையடியிலே வந்து நிற்கும் சீவல் தொழிலாளிக்குச் சிரட்டையிலே தேநீர் ஊற்றச் சொல்வார், எங்களுக்கு மூக்குப்பேணி. இரண்டும் ஒரு மனதிலே எப்படி இருந்தன என்று பிள்ளை வயதிலே எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றியபோது துணிவு வரவில்லை.

1990இலே வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது கதவின் உள்ளே நின்றவர்களும் வெளியே நின்றவர்களும் ஒன்றாகத்தான் ஊரை விட்டார்கள். நாங்களும் அப்புவும் சுன்னாகத்துக்கு வந்தோம். 1995 ஒக்ரோபர் கடைசியிலே வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஒரு பாடசாலை மண்டபத்திலே பல குடும்பங்கள் படுத்திருந்தோம். அண்டாவிலே கஞ்சி காய்ச்சினார்கள். காய்ச்சியவர் யார் என்று அப்பு கேட்கவில்லை; பிளாஸ்ரிக் கோப்பையிலே வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவினார். தம் பாத்திரத்தைத் தாமே கழுவியதை அன்றுதான் கண்டேன். மனம் மாறினாரா, பசியா? அதன் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாவலர் படம் மாட்டிய அவருடைய வீட்டுச் சுவரும் இப்போது இல்லை.

இதை அந்தப் பிள்ளைக்கு வகுப்பிலே சொல்லியிருக்கலாம். நாற்பது மாணவர் முன்னே சொல்லக் கூச்சப்பட்டு, இப்போது ஊர் முழுவதும் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானும் அவனை நிலவுக்குத்தான் அழைத்துப் போயிருக்கிறேன் போலும். அவன் வீட்டிலே வானொலி கேட்கிறார்களோ தெரியாது. திங்கட்கிழமை மூன்றாம் பாடம் அவனுடைய வகுப்புக்குத்தான்.