நிலா ஏன் விழவில்லை?

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



கழகத்தின் சாதனைகளை எடுத்துரைக்க ஆன்றோர் பலர் இம்மேடையில் உள்ளனர். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் வானியல். ஆதலின், நம் இரவுப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுப்பிய வினாவைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

விண்வெளி வீரர்கள் கலத்தினுள் மிதப்பது ஏன் என்று மாணவர் ஓரிரவு கேட்டனர். “அங்கே புவியின் ஈர்ப்பு இல்லை; அதனால் மிதக்கின்றனர்” என்றேன். பல்லாண்டுகளாக நான் சொல்லிவந்த விடை அது. அம்மாணவி எழுந்து, “ஐயா, அங்கேயே ஈர்ப்பு இல்லையென்றால், அதற்கும் அப்பால் வெகுதொலைவில் இருக்கும் நிலாவைப் பிடித்து வைத்திருப்பது எது?” என்றாள். தான் பயிலும் பள்ளியிலும் இதைக் கேட்டாளாம். “தேர்வுக்கு வருவதைப் படி, இந்த ஆராய்ச்சி உனக்கு எதற்கு?” என்று அமர்த்திவிட்டனராம்.

எனக்கும் விடை தெரியவில்லை. “நாளை சொல்கிறேன், அம்மா” என்றேன். வீட்டிற்குச் சென்று நூல்களைப் புரட்டியபோது, பிழை என்னுடையதே என்று தெளிந்தேன்.

அனைத்துலக விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றுகிறது. அவ்வுயரத்தில் புவியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. ஈர்ப்பு இல்லாமையால் வீரர்கள் மிதக்கவில்லை. அவர்களும் அவர்களுடைய கலமும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால் மிதக்கின்றனர்.

விழும் பொருள் தரையை அடையாதது எவ்வாறு? இதற்கு நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரின்சிபியா’ நூலில் வழி காட்டினார். மலையுச்சியிலிருந்து குண்டு ஒன்றைக் கிடையாக எறிகிறோம். வேகம் கூடக்கூட அது தொலைவில் சென்று விழும். விழும் பொருள் முதல் விநாடியில் ஏறக்குறைய 5 மீட்டர் இறங்குகிறது. புவியோ உருண்டை, 8 கிலோமீட்டர் தொலைவுக்குள் அதன் பரப்பும் ஏறக்குறைய 5 மீட்டர் வளைந்து இறங்கிவிடுகிறது. ஆகவே, காற்றின் தடை இல்லாதவிடத்து, விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகிக்கொண்டே போகும். அது விழுந்துகொண்டேயிருக்கும், தரையை அடையாது. இதுவே சுற்றுப்பாதை.

நிலாவின் கதையும் இதுவே. அது புவியின் மையத்திலிருந்து சுமார் 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், அதாவது புவியின் ஆரத்தைப் போல் அறுபது மடங்குத் தொலைவில் உள்ளது. தொலைவின் இருமடிக்கேற்ப ஈர்ப்பு குறையுமாதலால், அங்கே அது 3,600இல் ஒரு பங்காகிறது. இங்கே ஒரு கல் ஒரு விநாடியில் விழும் அந்த 5 மீட்டரை நிலா ஒரு நிமிடத்தில் விழுகிறது. அதே நிமிடத்தில் பக்கவாட்டில் 60 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்தும் விடுகிறது. நிலா விழவில்லை என்பது நம் கண்ணின் மயக்கம். அது ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் இரவு ஒரு பழைய தகரக் குவளையின் அடிப்பக்கத்தில் ஆணியால் துளையிட்டு, நீர் நிரப்பி அம்மாணவியிடம் கொடுத்தேன். கையில் ஏந்தியிருந்தபோது துளை வழியே நீர் பீறிட்டது. பெஞ்சின் மேல் ஏறி நின்று அவள் குவளையை விட்டுவிட்டாள். தரையைத் தொடும்வரை ஒரு சொட்டும் வெளிவரவில்லை. நீரும் குவளையும் ஒன்றாக விழுந்ததால், குவளையின் அடியை நீர் அழுத்தவில்லை. ஆய்வுக்கூடம் இல்லாத நம் பாடசாலையில் விண்வெளி நிலையத்தைக் கண்ட இரவு அது.

“கனமான பொருள் முந்தி விழாதா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். 1971ஆம் ஆண்டு அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் என்னும் வீரர், காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒருசேரக் கைவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. இயற்கையின் சட்டம் அனைத்திற்கும் ஒன்றே.

அன்றாடக் கூலிக்கு உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணைப் பற்றிய வினா எதற்கு என்பார் உளர். அவர்களுக்கு மேகநாத் சாகாவை நினைவூட்டுவேன். 1893ஆம் ஆண்டு டாக்காவை அடுத்த சிற்றூரில் சிறுகடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாவில் பயின்ற காலத்தில், தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதால், உடன் பயின்றோரில் சிலர் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தனர். அவரே 1920ஆம் ஆண்டில், விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறியத் துணைபுரியும் சமன்பாட்டை உலகிற்கு அளித்தார். பந்தியில் விலக்கப்பட்டவரை விண்மீன்கள் விலக்கவில்லை.

நம் முன்னோர் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இன்று நம் பிள்ளைகள் உள்ளே அமர்ந்திருக்கின்றனர். ஆனால் உள்ளே அமர்ந்தும் வாய் திறக்க அஞ்சுவாராயின், நாம் பாதி வழியே வந்திருக்கிறோம். ஆகவே கழகத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரத்தை வினாக்களுக்கென்றே ஒதுக்குங்கள். விடை தெரியாத ஆசிரியர், “நாளை சொல்கிறேன்” என்று சொல்ல நாணாதிருக்கட்டும். மறுநாள் சொல்லத் தவறாதிருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! அமரச் சொன்னால் அமருங்கள். ஆனால் வினாவை விட்டுவிடாதீர்கள். ஓரிடத்தில் மறுக்கப்பட்ட வினாவை வேறோரிடத்தில் கேளுங்கள். அவ்வாறு கேட்ட ஒரு சிறுமியால்தான் இந்த முதிய ஆசிரியன் தன் பிழையைத் திருத்திக்கொண்டான்.