காசு சேர்த்த ராஜா

   

பழங்காசு சேர்ப்பது பணத்தாசையா, அறிவுத்தேடலா? அறிவுத்தேடலே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அம்மா கேட்டாங்க, ‘செல்லாத காசை வச்சு உப்பு வாங்க முடியுமா?’ன்னு. முடியாதும்மா. என் வீட்டிலும் தினம் இதே கேள்விதான்! (சிரிப்பு)

வெனிஸ் இன்றைக்கு இத்தாலியில் ஒரு நகரம். அன்றைக்கு அது தனிக் குடியரசு. தலைவருக்கு டோஜ் என்று பெயர். அந்த ஊர் வெள்ளிக் காசில் டோஜ் எப்படி இருப்பார்? புனித மாற்குவின் கையிலிருந்து கொடி வாங்கிக்கொண்டு, அடக்க ஒடுக்கமாக, சின்ன உருவமாக! 1472-இல் நிக்கோலோ ட்ரோன் என்கிற டோஜ் ஒரு வெள்ளி லிரா அடித்தார். அதில் தொப்பியும் தாடியுமாகத் தன் முகத்தையே பெரிசாகப் பொறித்துவிட்டார். 1473-இல் அவர் கண்ணை மூடினார். உடனே சட்டம் போட்டான் வெனிஸ்காரன்: இனி எந்த டோஜும் தன் முகத்தைக் காசில் போடக்கூடாது! ஏன்? காசு குடியரசுடையது, ஆள் அதற்கு வேலைக்காரன். அந்தக் காசு அருமையாகிப் போனதற்கு இதுதான் காரணம். அதைக் கையில் வைத்திருப்பவன் வெள்ளியையா வைத்திருக்கிறான்? ஒரு சட்டத்தையே வைத்திருக்கிறான் ஐயா! (கைதட்டல்)

எதிரணிக்கு ஓர் ஆயுதத்தை நானே கொடுத்துடறேன். இத்தாலி ராஜா மூன்றாம் விக்டர் இம்மானுவேல், லட்சத்துக்கு மேல் காசு சேர்த்தவர். 1910 முதல் 1943 வரை இருபது தொகுதியாகப் பட்டியல் போட்டார். வெனிஸ் காசுக்கே இரண்டு தொகுதி, 1915-லும் 1917-லும். அப்படிப்பட்டவர் என்ன செய்தார்? 1922-இல் முசோலினியின் ஆட்கள் ரோம் நோக்கி வந்தபோது, ராணுவச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். முசோலினியைக் கூப்பிட்டு ஆட்சியைக் கொடுத்தார். ட்ரோன் கதையைப் பட்டியல் போட்ட கை அது! அதை நினைச்சா எனக்கே வயிறு எரியுது. படித்தது நடத்தையில் இறங்கவில்லை. அது அந்த மனுஷன் செய்த பிழை. காசின் மேல் பழி போடாதீங்க.

ஆனால் பணத்தாசை என்றீர்களே! 1946 மே மாதம் முடியைத் துறந்து எகிப்துக்குக் கப்பல் ஏறினார். நாடு கைவிட்டுப் போகிறது, போகிற இடத்தில் செலவுக்கு வேண்டாமா? ஆசைக்காரன் முதலில் எதை மூட்டை கட்டுவான்? இவர் தன் சவாய் வம்சக் காசுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற காசையெல்லாம் இத்தாலிய மக்களுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் ரோமில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். நடுவர் மணி அடிச்சுட்டார்... உட்கார்ந்துடறேன் ஐயா.