அஞ்சல் முத்திரை கூறும் வரலாறு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில், பழைய அஞ்சல் உறைகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். தமிழகம் விட்டுப் புனே நகரிற் குடியேறிய குடும்பங்களைப் பிறந்த மண்ணோடு பிணைத்து வைத்தது எது? தொலைபேசி இல்லந்தோறும் வருமுன், கடிதம் ஒன்றேயன்றோ! அக்கடிதத்தின் உறைமீது விழுந்த கறுப்பு முத்திரையே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அஞ்சல்தலை தோன்றுமுன்னரே அஞ்சல் உண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774-இல் கம்பெனியின் அஞ்சலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். சென்னையில் 1786-இலும் பம்பாயில் 1794-இலும் தலைமை அஞ்சல் நிலையங்கள் ஏற்பட்டன. அந்நாளில் தொலைவு கூடக் கட்டணமும் கூடிற்று. 1852-இல் சிந்து நாட்டில் வெளியான 'சிந்து டாக்' தலைகளே ஆசியாவின் முதல் அஞ்சல்தலைகள். அவற்றை வெளியிட்ட பார்ட்டில் ஃபிரியர் பின்னாளில் பம்பாய் ஆளுநரானார். நம் கணேஷ்கிண்டில் இன்று பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாக விளங்கும் மாளிகையைக் கட்டத் தொடங்கியவரும் அவரே.

1854 அக்டோபர் முதல் நாளிலிருந்து நாடெங்கும் ஒரே கட்டணம் நடைமுறைக்கு வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம், எத்துணைத் தொலைவாயினும், அரை அணாவிற் சென்றது. 1879-இல் வந்த அஞ்சலட்டையோ கால் அணாவிற்குக் கிடைத்தது. ஏழையும் எழுதலாம் என்ற நிலை அதனாற் பிறந்தது.

ஒருமுறை ஒட்டிய தலையை மறுமுறை ஒட்டாதிருக்க முத்திரை குத்தினர். ஆனால் அம்முத்திரையே வரலாற்றுச் சான்றாயிற்று. தொடக்க காலத்தில் ஊர்ப்பெயருக்கு மாறாக எண்களையும் எழுத்துகளையும் பொறித்தனர். இந்தியத் தலையொன்றில் 'பி 172' என்ற குறி காணப்படின், அது சிங்கப்பூரில் இடப்பட்ட கடிதமாகும். 1867 வரை அங்கும் இந்தியத் தலைகளே வழங்கின. கடல் கடந்த தமிழர் கதைக்கு இதுவும் ஒரு சான்றன்றோ!

பின்னர் வந்த வட்ட முத்திரைகள் ஊரும் நாளும் ஒருங்கே கூறுவன. 'பூனா', 'கிர்க்கி', 'டிரிச்சினாபாலி', 'டாஞ்சூர்', 'டூட்டிகோரின்' என ஆங்கிலேயர் நாவில் உருமாறிய பெயர்களை அவற்றிற் காணலாம். முன்புறத்தில் புறப்பட்ட ஊரின் முத்திரையும் பின்புறத்திற் சேர்ந்த ஊரின் முத்திரையும் தெளிவாக இருப்பின், கடிதம் எத்தனை நாள் வழியில் இருந்தது என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். போர் மலைத்தொடரின் ஏற்றத்தில் இருப்புப்பாதை 1863-இல் முடிந்தது. 1871-இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் சென்னைக் கடிதம் புகைவண்டியிலேயே புனே வரலாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் எழுதிய உறைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இருப்புப்பாதை செய்த மாற்றம் கண்முன் தோன்றும்.

படை முகாம்கள் மிகுந்த இந்நகரில் படை அஞ்சலையும் மறத்தல் ஆகாது. 1856-இல் பாரசீகப் போருக்குச் சென்ற இந்தியப் படையுடன் களஅஞ்சல் நிலையம் சென்றது. இரண்டாம் உலகப்போரில் களஅஞ்சல் முத்திரைகள் எண்ணை மட்டும் காட்டின. படை இருக்கும் இடத்தை மறைத்தன. மகன் எங்குள்ளான் என்றறியாத தாய்க்கு, அவ்வெண்ணும் நாளுமே ஆறுதலாக இருந்தன.

சேகரிக்க விரும்பும் இளைஞர்க்கு ஒரு சொல். தலையை மட்டும் நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தல் வேண்டா. தலை எளிதிற் கிடைப்பதாக இருக்கலாம். சிற்றூரின் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறையோ அரிது. வெட்டினால் ஊர் போம், நாள் போம், முகவரியும் போம். உறையின்மேல் பசையோ ஒட்டுநாடாவோ படலாகாது. வெயிலும் ஈரமும் ஆகா. யாருக்கு யார் எழுதியது, பெறுநர் அப்போது செய்த தொழில் யாது என்பவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் நன்று.

இதனை நாம் வற்புறுத்துவது பொழுதுபோக்கிற்காக மட்டுமன்று. கிர்க்கியிலும் தாபோடியிலும் தேகு ரோட்டிலும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இன்னார் இந்த ஆண்டில் இந்தக் குடியிருப்பில் வாழ்ந்தார் என்பதற்கு, ஊரிலிருந்து வந்த ஓர் அஞ்சலட்டையே சான்றாக எஞ்சியிருத்தல் கூடும். வீடு மாறும்போதும், முதியோர் மறைந்தபின் பெட்டியைத் துப்புரவு செய்யும்போதும், அது பழைய செய்தித்தாளோடு ரத்திக் கடைக்குப் போய்விடுகிறது. கிலோ ஒன்றுக்குக் கிடைக்கும் சில ரூபாய்க்கு நம் வரலாற்றையே நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம்!

ஆதலின் அன்பர்களே, பரணில் உள்ள தகரப்பெட்டியை இவ்வாண்டு ஒருமுறை திறந்து பாருங்கள். குடும்ப மறைச்செய்தி உள்ள கடிதம் இல்லத்திலேயே இருக்கட்டும்; உறையை மட்டும் பிறர்க்குக் காட்டலாம். பாட்டியும் பாட்டனும் உள்ளபோதே அவர்தம் வாய்மொழியையும் கேட்டெழுதுங்கள். இல்லத்திற்கு ஓர் உறையேனும் சேர்ந்தால், அடுத்த ஆண்டு விழாவில் நம் குடியேற்றத்தின் வரலாற்றை ஒரு மேசையின் மீது பரப்பி வைத்துக் காட்டலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!